தென்காசியில் எங்கள் பிடில்

தென்காசி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு காபிக் கடை. குற்றாலம் பஸ்ஸை விட்டுவிட்டு ரேடியோவுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறேன். அதில் இப்போது ஒலிப்பது ஓர் ஆங்கிலேயர் தந்தி வாத்தியங்களுக்காக மட்டும் எழுதிய இசை. சென்னையில் நாங்கள் இருபது பேர் வாசித்துப் பதிவுசெய்தது. நான் ரேடியோவில் வருவது இதுவே முதல் தடவை. மெதுவான தொடக்கம் முடிந்ததும் வேகப் பகுதி வரும். அதற்காகத்தான் மூன்று மாதம் விரல் தேய்ந்தோம்.

கடைக்காரர் சட்டென்று ரேடியோவை அணைக்கிறார். சாப்பிடுகிறவர்கள் எழுந்து நிற்கிறார்கள்.

“டெல்லியில பெரிய தலைவர் யாரோ போயிட்டாரு. வெறும் பிடிலா வாசிக்கான், கேட்டியளா? பெரிய சாவுன்னாத்தான ரேடியோவுல இப்பிடி வாசிப்பான். கடைய அடைக்கணும், எந்திரிங்க அண்ணாச்சி.”

“யாரும் சாகலைய்யா! வாசிக்கிறதே நான்தான்!” என்று கத்துகிறேன்.

“நீங்களா? அப்பம் செத்தது யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?”

எனக்கு ரத்தம் கொதிக்கிறது. நானே குமிழைத் திருகுகிறேன். பெட்டி சூடாகி ஒலி வரும்போது வேகப் பகுதி பாய்ந்தோடுகிறது. கடைக்காரர் தலைகுனிந்து கேட்கிறார்.

“பாடையத் தூக்கிட்டாங்க போல. என்னா ஓட்டம் ஓடுதானுவ!”

எங்களை வெளியே தள்ளிவிட்டு அவசரமாகப் பலகைகளைச் சொருகிப் பூட்டுகிறார். ரேடியோவை அணைக்க மறந்துவிட்டார். மடையர்! பூட்டிய பலகையில் காதை வைத்து, நான் வாசிப்பதை நானே கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.