சிறகு வைத்த தலைக்கவசமும் அதை மாட்டியிருந்தவனும்

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் வாய்க்கொழுப்புதான். குளிர்காலத்தில் இதே வலைப்பூவில், இங்கே ஜெர்மனியில் ஒரு தேவாலயத்தின் பழைய பலிபீட ஓவியத்தில் இருக்கும் தலைக்கவசத்தைப் பற்றிப் பெரிய மேதாவி மாதிரி எழுதியிருந்தேன். கூம்பு வடிவம், காதோரம் இரண்டு இரும்புச் சிறகுகள். "ஜெர்மன் வீரர்கள் போரில் அணிந்தது" என்று அடித்துச் சொல்லியிருந்தேன். ஓவியத்தை நேரில் பார்த்ததில்லை. இணையத்தில் கிடைத்த படத்தில் தலையை மட்டும் வெட்டிப் போட்டிருந்தேன்.

அதை நம்பி ஒருத்தி அதே மாதிரி கவசம் செய்ய இரும்பைத் தட்ட ஆரம்பித்துவிட்டாள். தர்ஷினி ஸ்டுட்கார்ட்டில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண், இயந்திரப் பொறியாளர். மத்தியகாலப் போர்களை நடித்துக் காட்டும் ஒரு குழுவில் சேர வேண்டும் என்பது அவளுடைய பல நாள் ஆசை. அங்கே விதி கறாரானது. உடம்பில் எதை மாட்டினாலும் அந்தக் காலத்துப் படம் ஒன்றை ஆதாரமாகக் காட்ட வேண்டும், அதுவும் முழுப் படமாக. மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் அவளுக்குத் தேர்வு. காலையிலேயே அந்த ஓவியம் இருக்கும் தேவாலயத்துக்குப் போய்ப் படம் எடுத்துவிடலாம் என்று கிளம்பினோம்.

வால்டோர்ஃப் பக்கமிருந்து ஏழே காலுக்கு ரயில் பிடித்தேன். ஹைல்பிரோனில் தர்ஷினி சேர்ந்துகொண்டாள், மடியில் துணிப்பையில் கவசம். அங்கிருந்து பேருந்தில் இருபத்தைந்து நிமிடம், பிறகு திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மூன்று கிலோமீட்டர் நடை. தேவாலயம் பத்து மணிக்குத்தான் திறக்கிறது. நுழைவு இலவசம். பலிபீடத்துக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் பெட்டியில் ஒரு யூரோ போட வேண்டும்.

போட்டேன். தர்ஷினி ஓவியத்துக்குக் கிட்டே போய், கவசம் மாட்டியிருந்தவனைக் காட்டினாள்.

"அண்ணை, இவன் வீரன் இல்லை. இயேசுவைச் சாட்டையால அடிக்கிறவன். கெட்டவனெண்டு காட்டத்தான் இப்பிடி விசித்திரமாக் கீறுவினம். பக்கத்தில நிக்கிறவன்ர தொப்பியையும் பாருங்கோ."

சாட்டை, தூண், ரத்தம் எல்லாம் அங்கேயே இருந்தன. நான் வெட்டிப் போட்ட படத்தில்தான் இல்லை. நம் ஊர் நாடகத்தில் எமனுக்கு வைக்கும் கொம்புக் கிரீடத்தைப் பார்த்துவிட்டு, தமிழ் அரசர்கள் இதைத்தான் வைத்துக்கொண்டார்கள் என்று ஒரு ஜெர்மன்காரர் எழுதியிருந்தால் எப்படியெல்லாம் நக்கலடித்திருப்பேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்போதும் புத்தி வரவில்லை.

"தலைய மட்டும் ஜூம் பண்ணி எடுத்துக்கலாம். அவங்களுக்கு எப்படித் தெரியப் போகுது?" என்றேன்.

"ஏலாது அண்ணை. அப்பிடி வெட்டின படத்தை நம்பித்தான் நான் நாலு மாசம் தட்டினனான்."

அவள் முழு ஓவியத்தையும் படம் எடுத்தாள். மதியம் தேர்வு நடந்த கோட்டை அடிவாரத்தில் குழுத் தலைவர் யோர்க்கிடம் அதையே நீட்டினாள். அவர் கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலைப்பாடு பிரமாதம், ஆனால் படைவரிசையில் இதற்கு இடமில்லை, இந்த வருடம் சேர்க்க முடியாது என்றார். இதைப் போர்க்கவசம் என்று யார் சொன்னது என்றும் கேட்டார். தர்ஷினி என் பக்கம் திரும்பவே இல்லை. தான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று ஜெர்மன் மொழியில் சொன்னாள்.

"என் தப்பு" என்று ஜெர்மனில் சொல்ல எனக்குத் தெரியும். மொழி வகுப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். சொல்லவில்லை.

மறுநாள் யோர்க்குக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். வேறு கவசத்தோடு அடுத்த வருடம் வரட்டும் என்றார். அவள் உழைப்பு போனது போனதுதான். தர்ஷினி இன்னும் என்னோடு பழையபடியே பேசுகிறாள், அதுதான் கூடுதலாகக் குத்துகிறது.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேருந்துதான். ஒரு யூரோ நாணயம் நாலைந்து வைத்துக்கொள்ளுங்கள், விளக்கு சீக்கிரம் அணைந்துவிடும். கவசம் பார்க்கப் போனாலும் தலையோடு நிற்காதீர்கள், அந்த ஆளின் கை என்ன செய்கிறது என்று பாருங்கள். அன்று யோர்க் கேட்டபோது யாராவது என்னை வரைந்திருந்தால், என் கைகள் இரண்டும் பேன்ட் பைக்குள் இருந்திருக்கும்.