பால் பொங்கிய நாளில் போட்ட கையெழுத்து

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மகள் போனில் கூப்பிட்டாள். அவளும் அவள் கணவனும் புதிதாகக் கட்டிய ஃபிளாட் ஒன்றை வாங்கப் போகிறார்கள். இருவருக்கும் இதுதான் முதல் வீடு.

"அப்பா, ஒண்ணொண்ணா சொல்லுங்க. முதல்ல என்ன செய்யணும், அப்புறம் என்ன. யூட்யூப் பார்த்துப் பார்த்துத் தலை சுத்துது. நான் எழுதிக்கிறேன்."

"தமிழ்லயா எழுதிக்கப் போற?"

"ஜோக் அடிக்காதீங்கப்பா. இங்கிலீஷ்லதான். ஜல்தி சொல்லுங்க, அவர் வெயிட் பண்றார்."

நான் தில்லியில் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு காரியத்தை வரிசைப்படுத்திச் சொல் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஆரம்பித்தேன். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று வக்கீலை வைத்துப் பார். கட்டட வரைபடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று கேள். விளம்பரத்தில் வரைந்திருப்பதை நம்பாதே, ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது மட்டும்தான் வீடு. கடன் கிடைக்குமா என்று வங்கியில் முன்கூட்டியே விசாரித்து வை. கட்டி முடித்த சான்றிதழ் வராமல் குடிபோகாதே. அவள் ஒவ்வொன்றுக்கும் "ஹாங்", "அச்சா" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள்.

"ஆறாவது ரொம்ப முக்கியம்" என்றேன். "வீட்டை ஒப்படைக்கற பொசெஷன் லெட்டர்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி வீட்டை முழுசா சுத்திப் பாக்கணும். குழாய், கதவு, தரை எல்லாம். குறை இருந்தா எழுதிக் குடுத்து, அவங்க சரிபண்ணின பிறகுதான் கையெழுத்து. அவசரமே கூடாது."

சமையலறையிலிருந்து என் மனைவியின் சிரிப்புச் சத்தம் வந்தது.

"அம்மா ஏன் சிரிக்கிறா?" என்றாள் மகள்.

"உங்கப்பாகிட்ட கேளு" என்று உள்ளேயிருந்தே பதில் வந்தது.

சிக்னல் சரியில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

என் மனைவி சிரித்ததற்குக் காரணம் இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திருமணமாகி இருபத்தாறு ஆண்டுகள் நாங்கள் தில்லி கிட்வாய் நகர் அரசுக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அங்கே எந்த வீடும் யாருடைய வீடும் இல்லை. சுவருக்கு என்ன வண்ணம் என்று நம்மைக் கேட்க மாட்டார்கள். குழாய் ஒழுகினால் 'என்கொயரி' என்று நாங்கள் சொல்லும் பராமரிப்பு அலுவலகத்துக்குப் போய்ப் புகார் எழுத வேண்டும். போனது என் மனைவிதான். ஹிந்தியில் சண்டை போடக் கற்றுக்கொண்டதே அங்கேதான் என்று அவள் சொல்வாள். எத்தனை சண்டை போட்டாலும், அவர்கள் எப்போது வந்து எதைச் செய்கிறார்களோ அதுதான். "சொந்த வீடுன்னு ஒண்ணு வரட்டும், அங்க நான் சொல்றதுதான் நடக்கும்" என்பாள். வேறு எதையும் அவள் என்னிடம் பெரிதாகக் கேட்டதில்லை.

நான் ஓய்வு பெறும் காலம் நெருங்கியபோது தில்லியிலேயே துவாரகா பகுதியில் ஒரு ஹவுசிங் சொசைட்டி கட்டடத்தில் எங்களுக்கு ஃபிளாட் ஒதுக்கினார்கள். சாவி தரும் நாள் தெரிந்ததிலிருந்தே அவள் தயாரானாள். ஏற்கெனவே ஃபிளாட் வாங்கிய பெண்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்து, "எதைப் பாக்காம விட்டீங்க?" என்று கேட்டாள். ஒருத்தி ஜன்னல் கொக்கி என்றாள், இன்னொருத்தி பால்கனிக் கதவு என்றாள். எல்லாவற்றையும் ஒரு பழைய டைரியின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்தாள். நான் எழுதிய எந்த அலுவலகக் குறிப்பும் அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

ஆனால் நான் கிரகப்பிரவேசத்துக்கு முகூர்த்தம் பார்த்துவிட்டேன். தை மாதத்தில் ஒரு நல்ல நாள், காலை ஆறிலிருந்து ஏழரைக்குள். அலுவலகத்துத் தமிழ் நண்பர்களையும் எனக்கு மேலே இருந்த இரண்டு அதிகாரிகளையும் அழைத்துவிட்டேன். இட்லி, பொங்கலுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. சாவியை முந்தின வாரமே வாங்கி வீட்டைப் பார்த்திருக்கலாம். அலுவலக வேலையைக் காரணம் காட்டித் தள்ளிப்போட்டேன். கிரகப்பிரவேச நாளன்று விடியற்காலைப் பனிமூட்டத்தில் போய்ச் சேர்ந்தபோதுதான் கட்டட எஞ்சினியர் கையில் சாவியோடும் காகிதத்தோடும் நின்றார். வீட்டைப் பார்த்தோம், எல்லாம் திருப்தி என்று அந்தக் காகிதம் சொன்னது. அதில் கையெழுத்துப் போட்டால்தான் சாவி நம் கைக்கு வரும். பூஜைக்கு மட்டும் அவரே கதவைத் திறந்துவிட்டார்.

புரோகிதர் ஹோமத்துக்குச் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார். என் மனைவி பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டைரியோடு அறை அறையாகப் போனாள். தாம்பாளத்திலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து ஹாலில் உருட்டிவிட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தாள். புரோகிதர், "அம்மா, அது சுவாமிக்கு வெச்சது" என்றார். "சுவாமியும் இந்தத் தரையிலதானே உக்காரப் போறார்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என் அதிகாரிகளும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் முகம் சுண்டிவிட்டது.

பிறகு குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினாள். பால் அடுப்பில் ஏறியிருந்த நேரம் அது.

"என்னங்க, இங்க வாங்க. தண்ணி வடியற ஜாலிப் பக்கமே போகலை. வாசலுக்கு வருது."

எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னாள். எஞ்சினியர் பல்லைக் காட்டி, "ஆன்ட்டிஜி, பாத் மே ஹோ ஜாயேகா" என்றார். பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்.

"பாத் மே இல்ல, பாய் சாப். இதை எழுதிக்குங்க, அப்புறம்தான் சைன்" என்றாள் அவள்.

எஞ்சினியர் என்னைப் பார்த்தார். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அவர் கெட்டவர் இல்லை. "சார், வேண்டுமானால் பூஜையை முடித்துக்கொள்ளுங்கள், சாவி என்னிடமே இருக்கட்டும், அடுத்த வாரம் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்" என்று ஹிந்தியில் சொன்னார். அந்த வழி எனக்குத் திறந்தே இருந்தது. ஆனால் கிரகப்பிரவேசம் செய்துவிட்டுச் சாவியில்லாமல் வெளியே வருவதா? அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதா?

நான் அவள் அருகில் போய், பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்ல நாளும் அதுவுமா அபசகுனமா வாயைத் திறக்காதே. பால் பொங்கற நேரத்துல குறை சொல்ற பொம்பளையை இப்பத்தான் பாக்கறேன்" என்றேன்.

பால் பொங்கியது. நிலைப்படியில் காகிதத்தை வைத்து, எஞ்சினியரின் பேனாவாலேயே கையெழுத்துப் போட்டேன். அவள் டைரியை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, எல்லோருக்கும் பால் கொடுக்கப் போனாள்.

தண்ணீர் இன்றுவரை குளியலறை வாசலுக்குத்தான் வருகிறது. ஆரம்பத்தில் கட்டடக்காரர்களுக்குப் புகார் எழுதினேன். 'திருப்தி' என்ற சொல்லுக்குக் கீழே இருந்த என் கையெழுத்தைக் காட்டினார்கள். அலுவலகத்தில் நான் எத்தனையோ பேருக்குக் காட்டிய அதே முகம் எனக்குத் திரும்பி வந்தது. யார் குளித்தாலும் என் மனைவி ரப்பர் வைப்பரை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரைத் தள்ளிவிடுவாள். முழங்கால் தேய்ந்த பிறகும் அவள்தான் தள்ளுகிறாள். "எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு குறை இருக்கும்" என்று வருகிறவர்களிடம் நான் தத்துவம் பேசியிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனை வைத்துவிட்டு அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு மகளைக் கூப்பிட்டு முழுவதையும் சொன்னேன். 'அபசகுனம்' என்ற சொல்லைக்கூட மறைக்கவில்லை.

"சீ, அப்பா" என்றாள். பிறகு, "அம்மாகிட்ட சாரி சொன்னீங்களா?"

"இல்லை."

"அப்போ முதல்ல அதைச் செய்யுங்க. என் லிஸ்ட் அப்புறம்."

சமையலறைக்குப் போனேன். மனைவி முதுகைக் காட்டி நின்று பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் தப்புச் செய்துவிட்டேன், அன்றைக்கு உன் வாயை அடைத்திருக்கக் கூடாது, குளியலறைத் தரையை உடைத்துப் புதிதாகப் போட்டுவிடலாம், நாளைக்கே மிஸ்திரியைக் கூப்பிடுகிறேன் என்றெல்லாம் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"தரைக்கென்ன, பழகிப்போச்சு" என்றாள். கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "தண்ணி எனக்குப் பெரிசில்லீங்க. அன்னிக்கு அப்புறம் இந்த வீட்டைப் பத்தி நான் ஏதாவது சொல்லியிருக்கேனா? யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தேன். இரண்டு முறை பெயிண்ட் அடித்திருக்கிறோம். வண்ணம் நான் சொன்னது. சோபா, திரைச்சீலை, பூஜை அலமாரி எதற்கும் "உங்க இஷ்டம்" என்பாள். வீட்டில் அவளுக்குப் பூரண திருப்தி என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். என்கொயரியில் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டவள், தன் சொந்த வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது என் கண்ணிலேயே படவில்லை.

"சொல்லேன்" என்றேன். "இப்ப சொல்லு. எது வேணும்னாலும்."

"இப்பப் போயி என்னத்தைச் சொல்ல? தள்ளுங்க, குக்கர் வைக்கணும்."

நான் நகரவில்லை. அவள் என்னைச் சுற்றிக்கொண்டு போய்க் குக்கரை வைத்தாள். அடுப்பைக் குறைத்தாள். வேண்டுமென்றே தாமதிக்கிறாள் என்று தெரிந்தது. கடைசியில் அடுப்புக்கு மேலே இருந்த அலமாரித் தட்டைக் கண்ணால் காட்டினாள்.

"அது எனக்கு எட்டலை" என்றாள். "வந்த நாள்லேர்ந்தே எட்டலை. ஸ்டூல் போட்டுத்தான் எடுக்கிறேன். முழங்கால் வலிக்குது."

நான் அண்ணாந்து பார்த்தேன். அதைப் போடச் சொன்னது நான்தான், என் உயரத்துக்கு.

"எவ்வளவு இறக்கணும்?" என்று கேட்டேன்.

அவள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு சுவரருகே வந்து நின்று, கையை நீட்டினாள். விரல்கள் தொட்ட இடத்தில் நான் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். "இன்னும் கொஞ்சம் கீழ" என்றாள். அழித்துவிட்டுக் கீழே போட்டேன்.

"இன்னும்" என்றாள்.