பெண் பார்க்க வந்தவர் குடித்த தண்ணீர்

ஆற்றுத் தண்ணீரில் கூட்டமாக வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி நான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, தேயிலை எஸ்டேட்டில் சுவரோடு சுவராக வரிசையாய்க் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில் ஒருவருக்கும் என் வேலையைப் புரியவைக்க முடிந்ததில்லை. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் என்றதும் பக்கத்து வீட்டு அக்கா, "பேயா?" என்று கேட்டாள். கொழுந்து கிள்ளப் போகும் அம்மாவோ, "எம்பொண்ணு தண்ணியப் படிக்குறா" என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள். கேட்டவர்கள் குடிநீர் ஆபீசில் எனக்கு வேலை கிடைக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

மாதம் ஒருமுறை கோட்டயத்துக் கல்லூரி விடுதியிலிருந்து ஊருக்கு வந்து, எஸ்டேட்டுக்கு மேலே காட்டை ஒட்டி வரும் ஓடையில் ஒரு பாட்டிலும், வண்டிப்பெரியார் டவுன் பாலத்துக்குக் கீழே ஒரு பாட்டிலும் தண்ணீர் பிடிப்பேன். ஐஸ் நிரப்பிய தெர்மகோல் பெட்டியில் வைத்து மறுநாள் காலை பஸ்ஸில் கோட்டயத்துக்குக் கொண்டுபோவேன். கண்டக்டர் ஒருவர் பெட்டியைத் தட்டிப் பார்த்து மீனா என்று கேட்டார். வெள்ளம், தண்ணீர்தான் என்றேன். கோட்டயத்தில் இல்லாத வெள்ளமா என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தண்ணீர் சுகமாக இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்கினார்.

அந்த மாதமும் அப்படித்தான் இரண்டு பாட்டில் பிடித்து வைத்தேன். அன்று இராத்திரியே மழை வலுத்து, குட்டிக்கானத்துக்குக் கீழே ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுபோயிற்று. ஐஸ் கரைந்துவிடும் என்பதால் பாட்டில்களை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, யாரும் தொடக்கூடாது என்று வீடு முழுக்கச் சொன்னேன். வீடு என்பது முன்னறையும் அடுப்படியும்தான். அதனால் இரண்டு தடவை சொன்னாலே போதும்.

சரிவுக்கு இந்தப் பக்கம் ரோடு நன்றாகத்தான் இருந்தது. என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த பீர்மேட்டுக்காரர்கள் ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அப்பா. அப்பா தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வாய் டீயைக் குடித்ததும் எந்த மலைக் கொழுந்து, எந்த நேரத்தில் கிள்ளியது என்றெல்லாம் சொல்லிவிடுவார் என்று தரகர் ஏற்கெனவே பெருமையடித்திருந்தார். அம்மா அதற்காகவே நல்ல தூள் கடன் வாங்கி வைத்திருந்தாள்.

நான் அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஜீப்பில் வந்த அலுப்பில் தண்ணீர் தவித்திருக்கிறது. எங்கள் அப்பா ஃபிரிட்ஜைத் திறந்து, கைக்குக் கிடைத்த பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டார். நான் ஒட்டியிருந்த சீட்டுகளைப் பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பார். விருந்தாளிகள் வரும்போது கிறுக்கலாக இருக்கிறதே என்று அம்மா காலையிலேயே அவற்றைக் கிழித்துவிட்டிருந்தாள்.

தட்டோடு முன்னறைக்கு வந்தபோது, அவர் பாதி காலியான பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது பைப்புத் தண்ணி இல்லையே. ஊத்துத் தண்ணில்லா? பீர்மேட்டுல இப்பிடித் தண்ணி கெடையாது" என்றார்.

எங்கள் அப்பா அந்த ஊற்றைத் தானே தோண்டியது போலச் சிரித்தார்.

பெண் பார்க்க வந்தவர்களிடம் நான் பேசிய முதல் வார்த்தை, "மாமா, எவ்வளவு குடிச்சீக?" என்பதுதான்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் தட்டை அப்படியே கீழே வைத்தேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். இது ஆற்றுத் தண்ணீர், ஆராய்ச்சிக்கு எடுத்தது, காய்ச்சாதது, ஒரு பாட்டில் காட்டோடையில் பிடித்தது, மற்றது டவுன் பாலத்தடியில் பிடித்தது. எதைக் குடித்தார் என்று சீட்டு இல்லாமல் எனக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று உற்றுப் பார்த்தால் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவரை நேராகப் பார்த்தேன்.

பெரியவர் மட்டும் அசையவில்லை. "ஓடைத் தண்ணிதான். என் நாக்கு சொல்லுது" என்றார்.

கல்லூரியில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய மைக்ராஸ்கோப் ஒன்றை என் ஆராய்ச்சியை வழிநடத்தும் கைடிடம் கேட்டு வாங்கி வீட்டில் வைத்திருந்தேன். அதை ஜன்னலோரம் எடுத்து வைத்து, இரண்டு பாட்டிலிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு எடுத்தேன். தொடாத பாட்டிலின் சொட்டில் கண்ணாடித் தோணி போன்ற பாசிகள் சில மிதந்தன. அவ்வளவு சுத்தமாக இருந்தது. அவர் குடித்த பாட்டிலின் சொட்டில் சந்தை நாள் கூட்டம். உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்தபடி நீந்துகிறவை, அழுக்கைத் தின்கிறவை, அவற்றைத் தின்கிறவை, நடுவே பொடிப்பொடியாகத் துடிக்கும் பாக்டீரியா. ஊர்ச் சாக்கடை சேர்கிற தண்ணீரில்தான் இப்படி நெரிசல் இருக்கும்.

பாலத்தடித் தண்ணீர் என்று சொன்னேன். பெரியவர் எழுந்து வந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் இப்ப எனக்குள்ள இருக்கா?" என்று கேட்டார்.

முக்கால்வாசி வயிற்றுப் புளிப்பிலேயே செத்துப்போகும், சில மட்டும் தொந்தரவு கொடுக்கலாம், காய்ச்சலோ பேதியோ வந்தால் உடனே டாக்டரிடம் போகவேண்டும் என்றேன். அவர் மறுபடியும் குனிந்து பார்த்தார். பிறகு மகனையும் மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினார். ஏதோ சொந்தக்காரர்களை அறிமுகப்படுத்துவது போல இருந்தது. பெண்ணை யாரும் பாட்டுப் பாடச் சொல்லவில்லை. அவர்கள் போகும்போது ஜீப்பில் ஏறியபடி மாப்பிள்ளை என் ஃபோன் நம்பரைக் கேட்டார். அப்பாவின் வயிற்று நிலவரம் சொல்வதற்கு என்றார்.

மறுநாள் காலை கூப்பிட்டார். அப்பா இட்லி சாப்பிட்டாராம். அடுத்த நாள் வயிறு கொஞ்சம் இரைகிறது என்றார். டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். டாக்டரிடம் பெரியவர் தான் குடித்த உயிர்களை ஒவ்வொன்றாக வர்ணித்திருக்கிறார். மருந்து எழுதியதை விட அதைக் கேட்டு முடிக்கத்தான் நேரம் ஆயிற்றாம். வயிறு சரியாகிவிட்டது. ஆனாலும் நிலவரம் சொல்வது நிற்கவில்லை. பிறகு வயிற்றைப் பற்றிப் பேசுவதையே இருவரும் மறந்துபோனோம். கூழாங்கல்லின் மேல் வழுக்கும் பச்சைப் படலத்தில், வெயிலைச் சாப்பிடுகிறது ஒன்று, அது விட்டதைத் தின்கிறது இன்னொன்று, எல்லாம் சுவரோடு சுவர் ஒட்டிக் குடியிருக்கின்றன என்று நான் விளக்கினால், "அப்ப அங்கயும் லயம்தானா, சண்டை வராதா?" என்று கேட்பார். ஆராய்ச்சியைப் பற்றி என்னிடம் ஒழுங்காகக் கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான்.

மண்ணை அள்ளி ரோடு திறந்ததும் நான் கோட்டயம் போனேன். ஒரு பாட்டில் எங்கே என்று கைடு கேட்டார். மாமனாராக வரக்கூடிய ஒருவர் குடித்துவிட்டார் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, அந்த மாதக் கணக்கில் பாலத்தடி மாதிரி கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதினால் போதும், காரணத்தை விவரிக்க வேண்டாம் என்றார். எங்கள் கல்யாணத்துக்கு வந்தபோது பந்தியில் தண்ணீர் டம்ளரை மட்டும் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிட்டார்.

மாமனாரின் நாக்கைப் பற்றி வீட்டில் யாரும் அவரை விடுவதில்லை. மாமியார், அதாவது என் அத்தை, ரசம் வைத்தால், "இது ஊத்து ரசமா, பாலத்தடி ரசமா, சொல்லுங்க பாப்போம்" என்பார். அவர் கோபப்படுவதே இல்லை. தூள் போட்ட டீயும் சாக்கடைத் தண்ணீரும் வேறு வேறு கலை என்று விளக்கம் சொல்வார்.

போன மழைக்காலத்தில் தேயிலைக்குப் பூச்சிமருந்தடிக்கும் ஆட்கள் ஸ்ப்ரேயரை வீட்டுப் பக்கத்து ஓடையில் கழுவுவதைப் பார்த்துவிட்டு, மாமனார் கரையில் நின்று சத்தம் போட்டிருக்கிறார். உள்ளே குடியிருக்கிறவர்கள் செத்துப்போவார்கள் என்றாராம். யார் குடியிருக்கிறார்கள் என்று அவர்கள் நாலு பக்கமும் தேடிப் பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து மைக்ராஸ்கோப்பைக் கேட்டார். எதற்கு என்றேன்.

"அவங்களுக்குக் காட்டணும்மா. சொன்னா நம்ப மாட்டேங்காக" என்றார்.

மைக்ராஸ்கோப்பைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். அத்தை, கூடவே ஒரு பாட்டில் காய்ச்சிய தண்ணீரையும் கொடுத்தனுப்பினார்.