பாதியில் நின்ற முள்

காவேரிப்பாக்கம் ஏரியில் உல்லாசப் படகு ஓட்டியவர் வாஹித் பாஷா. பெட்ரோல் முள் பழுதாகி எப்போதும் பாதியிலேயே நின்றதால், டேங்க்குக்குள் குச்சி விட்டுப் பார்த்துத்தான் படகை எடுப்பார். அன்று கூட்டம் ஜாஸ்தி, பார்க்காமல் கிளம்பிவிட்டார். நிரம்பிய ஏரி வழிந்தோடும் கலங்கல் அருகே இன்ஜின் நின்றது. வெள்ளம் படகை இழுத்தது.

“இன்னா ஆச்சு பாய்?” என்றான் உதவியாளன் கன்னியப்பன்.

“பெட்ரோல் காலிப்பா!”

கன்னியப்பன் கயிற்றுடன் குதித்து நீந்தி, அதைக் கரையோரம் நீரில் நின்ற மரத்தில் கட்டினான். படகிலிருந்த குடும்பம் பிழைத்தது. களைத்துப்போன அவனைக் கரையேறுமுன் வெள்ளம் அடித்துச் சென்றது.

சாவு வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார் வாஹித் பாஷா.

“உள்ள வாங்க பாய்,” என்று கன்னியப்பனின் மனைவி சுந்தரி கூப்பிட்டாள்.

அன்று குச்சி விட்டுப் பார்க்காததைச் சொல்லாமலே திரும்பி நடந்தார். படகை விட்டுவிட்டு, இப்போது ஆம்பூரில் தோல் மூட்டை தூக்குகிறார்.