கேரம் போர்டில் ஓர் உப்பல்

எங்கள் பக்கத்தில் மரச்சாமான்களை யாரும் வேண்டுமென்று கெடுப்பதில்லை. பாதி வேலையைக் கடற்காற்று பார்த்துக்கொள்ளும், மீதியை வீட்டுக்காரர்களின் ஈரத்துணி பார்த்துக்கொள்ளும். ஷோகேஸ், டிவி ஸ்டாண்ட், அலமாரி எல்லாம் இப்போது பிளைவுட்தான். அதன்மேல் தேக்கைக் காகிதம்போலச் சீவி ஒட்டியிருப்பார்கள். அதற்குப் பெயர் வெனீர். ஒரு மழைக்காலம் போனால் ஓரத்தில் லேசாகத் தூக்கும். அன்றைக்கே கொண்டுவந்தால் கொஞ்ச நேர வேலை. கொண்டுவர மாட்டார்கள். செலோடேப் ஒட்டுவார்கள். டேப்பைப் பிய்க்கும்போது வெனீரும் கூடவே வரும். பிய்ந்த இடத்தில் மாதா படத்தைச் சாய்த்து வைத்து மறைப்பார்கள். படத்துக்கும் அடங்காமல் கிழிந்த பிறகு, "இன்னா பண்ணுவியோ தெரியாது, புத்சு மாதிரி ஆக்கிக் குடு" என்று என் கடை வாசலில் வந்து நிற்பார்கள். எனக்குச் சுள்ளென்று வரும். இரண்டு வார்த்தை திட்டிவிட்டுத்தான் வாங்கி வைப்பேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

கடை கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. அதே சந்தின் கடைசியில் எங்கள் கேரம் சங்கம். சங்கம் என்றால் ஓர் அறை, ஒரு ஜன்னல், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நடுவில் ஒரு போர்டு. அந்த ஒரு போர்டு மட்டும் போட்டிக்குரிய கனமான போர்டு. அதற்கு மேலே தொங்கும் விளக்கைக்கூட எங்கள் தலைவர் தன் கையால்தான் துடைப்பார். ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். குரலும் வின்ச் மாதிரியே இருக்கும்.

ஒரு மழை இரவில் கூரை ஒழுகியது. போர்டின் மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் ஷீட்டில் ஓட்டை. காலையில் பார்த்தால், ஜன்னல் பக்கப் பாக்கெட்டுக்குச் சற்று முன்னால் வெனீர் உள்ளங்கை அகலத்துக்கு உப்பியிருந்தது. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. விரலை ஓட்டினால் தெரியும், காயை ஓட்டினால் நன்றாகவே தெரியும். நேராகப் பாக்கெட்டுக்குப் போகிற காய் அந்த மேட்டில் ஏறி, மனசு மாறிப்போனதுபோல ஒதுங்கி, ஓரக் கட்டையில் முட்டிக்கொண்டு நிற்கும்.

நான் அன்றைக்கே சொன்னேன், கடைக்குக் கொண்டுவாருங்கள், ஈரம் காய்ந்ததும் ஒட்டித் தருகிறேன் என்று. தலைவரும் சரி என்றார். அதற்குள் புளியந்தோப்புக்காரர்கள் மேட்ச் ஆட வந்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்துச் சங்கங்களில் ஒரு வழக்கம் உண்டு. யார் சங்கத்துக்குப் போகிறோமோ அவர்கள் போர்டில்தான் ஆட வேண்டும். போர்டைக் குறை சொல்லக்கூடாது. குறை சொன்னால் தோற்பதற்குச் சாக்குத் தேடுகிறான் என்று பெயர் வந்துவிடும். ஆகவே புளியந்தோப்புக்காரர்கள் ஒன்றும் சொல்லாமல் ஆடினார்கள். ஜன்னல் பாக்கெட்டுக்கு அவர்கள் அடித்த காய் ஒவ்வொன்றும் ஒதுங்கி நின்றது. எங்கள் ஆட்களுக்கு மேடு எங்கே என்று தெரியும். அந்தப் பக்கம் நேராக அடிக்காமல், எதிர்க்கட்டையில் மோதித் திரும்பிவரும்படி சுற்றி அடித்தார்கள். ஜெயித்தோம். வந்தவர்களில் ஒருவர் மட்டும் கிளம்பும்போது போர்டைத் தடவிப் பார்த்து, "இன்னா மாமு, ஒங்க போர்டுக்கு அம்மை போட்டு கீதா?" என்று கேட்டார். அறையே சிரித்தது.

அதோடு ரிப்பேர் பேச்சு நின்றுபோயிற்று. நான் கேட்கும்போதெல்லாம் தலைவர், "அது மாட்டுக்கு அது கீது, உனக்கு இன்னா பேஜாரு?" என்பார். திருவொற்றியூர்க்காரர்கள் வந்தார்கள், தோற்றார்கள். வியாசர்பாடிக்காரர்கள் வந்தார்கள், தோற்றார்கள். சங்கத்தின் சுவரில் கோப்பை வைக்கத் தனியாக ஒரு பலகை அடித்தோம். உப்பிய வெனீரோடு இன்னொரு மழைக்காலமும் போயிற்று. வெனீர் ஒட்டுகிறவன் கடைக்கு நாலு வீடு தள்ளி இப்படி ஒரு போர்டு கிடப்பது எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்தது என்று சொன்னால் புரியாது. சாப்பிடும்போது பல்லில் கல் மாட்டிய மாதிரி இருக்கும்.

சங்கத்தில் ஒரே ஒரு பெண் இருந்தாள். சின்னதில் அப்பாவோடு வந்து வேடிக்கை பார்த்தவள், பிறகு அப்பாவையே தோற்கடித்தவள். எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் இறால் பேக்கிங் வேலை. ஐஸில் விரல் விறைத்துப்போய் வருவாள். சாயங்காலம் டீ கிளாஸைக் கொஞ்ச நேரம் பிடித்துச் சூடேற்றிக்கொண்ட பிறகுதான் ஸ்ட்ரைக்கரைத் தொடுவாள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரோரம்தான் அவள் இடம். அங்கே உட்கார்ந்தால் அந்த உப்பல் எதிரே, இடது மூலையில் வரும். எங்களில் யாரையும்விட அவளுக்கு அந்த மேடு பழக்கம், எங்களில் யாரையும்விட அவள் அதிக நேரம் ஆடுகிறவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆண்கள் பாதிப் பேர் பூசைக்கும் மீதிப் பேர் மீன் வாங்கவும் போயிருந்த நேரம், அவள் அந்தப் போர்டை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். மூன்று சக்கரத்தையும் அவளே மிதித்து வந்திருக்கிறாள்.

"அண்ணா, இத்த சரி பண்ணிக் குடுங்க."

"தலைவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வுடுவாரா?"

விஷயத்தைச் சொன்னாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலைக்குத் தேர்வு ஆட்டம் வருகிறது. இரண்டு பேரை எடுப்பார்கள். அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும். அதனால் இதுதான் கடைசி.

"அங்க போர்டு கண்ணாடி மாதிரி இருக்கும்ணா. நான் இதுல ஆடி ஆடி எனுக்கு அந்த மூலைக்கு நேரா அடிக்கவே வரமாட்டேங்குது. ஒரு வாரமாச்சும் ஒழுங்கான போர்டுல ஒக்காரணும். இல்லாட்டி இந்த ஐஸுதான் எனுக்கு, சாவுற வரைக்கும்."

அவள் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் வெளுத்திருந்தது. போர்டை உள்ளே எடுத்துவைத்தேன்.

அலமாரி வெனீர் வேறு, கேரம் போர்டு வெனீர் வேறு. அலமாரியில் ஒரு கீறல் விழுந்தால் மெழுகு தேய்த்து மறைத்துவிடலாம். அரக்குப் பாலீஷ் போட்டால் பார்க்கிறவர் கண் மயங்கிவிடும். கேரம் போர்டைப் பார்ப்பது காய். அதை ஏமாற்ற முடியாது. மெழுகு பட்டால் வழுக்கும், பாலீஷ் திட்டாக நின்றால் காயைப் பிடிக்கும். மேலே ஒன்றும் செய்யக்கூடாது. எல்லாம் தோலுக்கு அடியில்தான்.

மர ரேகை போகிற வாக்கில் பிளேடால் ஒரு கீறல் போட்டேன். உள்ளேயிருந்து வெள்ளையாகக் கொட்டியது. இரண்டு வருடமாக மேலே தூவிய போரிக் பவுடர், உப்பலில் விட்டிருந்த மெல்லிய வெடிப்பு வழியாக இறங்கி, உப்பலுக்கு அடியில் கெட்டியாக அடைந்திருந்தது. அதன்மேல் எந்தப் பசையும் நிற்காது. "கலீஜ்" என்றேன். அவள் சிரித்தாள். ஊசியில் ஸ்பிரிட் ஏற்றி உள்ளே விட்டுக் கழுவினேன். சைக்கிள் பம்பால் ஊதினேன். மறுபடி கழுவினேன். துணியில் வெள்ளை ஒட்டாமல் வரும்வரை அவள் பக்கத்திலேயே நின்றாள். பிறகு காயவிட்டு, அதே போல ஊசியில் வெள்ளைப் பசையை ஏற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே செலுத்தி, விரலால் நீவிப் பரப்பினேன். பருத்தித் துணி போட்டு, சூடு குறைத்த இஸ்திரிப் பெட்டியை அழுத்தி எடுத்தேன். உப்பல் படிந்தது. அதன்மேல் கண்ணாடித்தாள், ஒரு பலகை, பலகைக்கு மேல் கன்டெய்னரைப் பூட்டும் இரும்புத் துண்டுகள். ஹார்பர் ரோட்டில் பொறுக்கியவை, என் கடையில் எடைக்கு அவைதான்.

தலைவர் மத்தியானம் வந்தார். சந்து முனையில் திரும்பும்போதே குரல் வந்துவிட்டது.

"யார் கேட்டு எத்துக்கினு வந்தீங்கோ? சங்கத்துச் சொத்து அது!"

"வெயிட் வெச்சிருக்கேன், தொடாதீங்க" என்றேன்.

"ஏம்பா, அடுத்த வாரம் புளியந்தோப்பு வரான். தெரியுமா உனக்கு? பிரிச்சுக் குடு. முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே குடு."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஒட்டுறதுக்குத்தான் எனக்குத் தெரியும். உப்ப வைக்கணும்னா ராத்திரி நீயே தண்ணி ஊத்திக்கோ" என்று மரியாதையை விட்டுக் கத்தினேன்.

அவள் குறுக்கே வந்தாள். கத்தவில்லை. சின்னதிலிருந்தே தலைவரை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள். "நைனா, நீங்க சுவத்துல வெக்கறதுக்கு கப்பு ஜெயிக்கிறீங்க. எனுக்குச் சோறு ஓணும்" என்றாள்.

தலைவர் குனிந்து இரும்புத் துண்டுகளை எண்ணுவதுபோலப் பார்த்தார். பிறகு, "எப்போ காயும்?" என்று கேட்டார். மறுநாள் சாயங்காலம் போர்டு திரும்பிப் போனது, வண்டியைத் தள்ளியவர் அவர்தான்.

வேலை நன்றாக வந்திருந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, கீறல் எங்கே என்று எனக்கே தேடித்தான் தெரிந்தது. ஆனால் எங்கள் ஆட்கள் கெட்டார்கள். புளியந்தோப்புக்காரர்கள் வந்து, ஜன்னல் பாக்கெட்டுக்கு நேர் நேராக அடித்துப் போட்டார்கள். எங்கள் ஆட்கள் இல்லாத மேட்டுக்குப் பயந்து சுற்றிச் சுற்றி அடித்தார்கள். கட்டையில் மோதிய காய் எங்கேயோ போயிற்று. ஒருவர் தன் கையைத் தானே அடித்துக்கொண்டார். படுதோல்வி. அம்மை விசாரித்த அதே ஆள், "எறங்கிட்சி போல" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சிரித்தேன். என்னோடு யாரும் சிரிக்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் அவள் வேலை முடிந்து வந்து ஒரே ஒரு அடியைத்தான் திரும்பத் திரும்ப அடித்தாள். எதிர் இடது மூலையில் ஒரு காய், நேராக. முதல் நாள் அவள் மணிக்கட்டு தானாகவே திரும்பியது. ஸ்ட்ரைக்கர் சுற்றிக்கொண்டு போயிற்று. அவளே "ச்சீ" என்றாள். அடுத்தடுத்த நாட்களில் நேராகப் போக ஆரம்பித்தது. போகப் போக விழவும் ஆரம்பித்தது. போதும், வந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னோம். நானும்தான் சொன்னேன்.

தேர்வு ஆட்டத்துக்குத் துணையாகத் தலைவரே போனார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, அவள் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு. இருவரும் சாயங்காலம் திரும்பி வந்தார்கள். அவள் என் கடை வாசல் ஸ்டூலில் உட்கார்ந்தாள். தலைவர் உட்காரவில்லை.

முதல் ஆட்டங்களை எல்லாம் ஜெயித்திருக்கிறாள். எடுக்கிற இரண்டு பேரில் ஒருத்தி யார் என்று முடிவாகிற ஆட்டம், கடைசிச் சுற்று, புள்ளி சமம். எதிராளிக்கும் ஒரு காய் பாக்கி, இவளுக்கும் ஒரு காய் பாக்கி. இவளுடையது எதிர் இடது மூலையில், பாக்கெட்டுக்கு முன்னால் நின்றிருக்கிறது.

"நேரா இருந்துச்சுண்ணா" என்றாள். "சின்னப் பிள்ள கூட போடும். யோசிச்சு அடிச்சப்பல்லாம் நேரா போச்சு. அத யோசிக்காம அடிச்சுட்டேன். கை சுத்திப் போயிடுச்சு."

காய் பாக்கெட்டின் விளிம்பில் போய் நின்றிருக்கிறது. எதிராளி தன் காயைப் போட்டு முடித்துவிட்டாள்.

ஒரு டீ வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தேன். தலைவர் சந்து முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குடித்துவிட்டுச் சங்கத்துப் பக்கம் எழுந்து போன பிறகு என்னிடம் சொன்னார்: "நான் அங்கதான் குந்திகினு இருந்தேன் மாமு. அவ கை போனதப் பாத்தேன். அது நம்ம போர்டுக்கு அடிக்கிற அடி."

இருவரும் சங்கத்துக்குப் போனோம். ஆடிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து சுவரோரம் நின்றிருந்தார்கள். அவள் தன் இடத்தில் உட்கார்ந்து, எதிர் இடது மூலையில் ஒரு வெள்ளைக் காயை வைத்து அடித்தாள். நேராகப் போய் விழுந்தது. தலைவர் வேட்டியை மடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் தரையில் உட்கார்ந்தார். வலைக்குள் கைவிட்டுக் காயை எடுத்து அதே இடத்தில் வைத்தார். அவள் அடித்தாள், விழுந்தது. அவர் மறுபடி எடுத்து வைத்தார். விளக்குப் போட்ட பிறகும் அப்படியே நடந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.