இடது கண்ணுக்குப் போன சொட்டு மருந்து

நடந்தவை இவை:

1. பெரியப்பாவின் இரண்டு கண்களிலும் அழுத்தம் ஏறியிருந்தது. முதலில் இடது கண்ணில் அழுத்தத்தைக் குறைக்க மட்டும் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அதில் புரை அப்போது கொஞ்சம்தான்.
2. ஏழெட்டு மாதம் கழித்து வலது கண். அதில் புரை முற்றியிருந்ததால் அழுத்தத்துக்கும் புரைக்கும் ஒரே நேரத்தில் செய்தார்கள்.
3. வலது கண் பளிச்சென்று தெரிந்தது. இடது கண் மங்கிக்கொண்டே போனது.
4. வலது கண்ணுக்கு மட்டும் காலையும் சாயங்காலமும் ஒரு சொட்டு மருந்து விடச் சொன்னார்கள்.
5. நான் அதை இடது கண்ணில் விட்டேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. நாகல் நகரில் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். எதையும் கட்டம் போட்டு எழுதி, முடித்ததும் டிக் அடிக்கிற பிள்ளை என்பதால் மருந்துப் பொறுப்பு என்னிடம் வந்தது.

பெரியப்பா ஆட்டு வியாபாரி. வாராவாரம் அய்யலூர் சந்தைக்குப் போய் வருவார். ஆட்டின் வாயைத் திறந்து பல்லை எண்ணித்தான் வயதைச் சொல்வார். ஆஸ்பத்திரியில் எழுத்துப் பலகையைப் படிக்க வைத்ததைப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே ஒரு பரிசோதனை கண்டுபிடித்தார். கொல்லையில் கட்டிய ஆட்டின் வாயை நான் திறந்து பிடிக்க வேண்டும். அவர் நாலடி தள்ளி நின்று, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணுவார்.

"நாலு பல்லு. சரியா தாயி?"

"சரி பெரியப்பா. அடுத்த கண்ணு."

"பல்லு இருக்கா, இல்ல பொக்கை வாயா?"

அடுக்களையிலிருந்து பெரியம்மா குரல் கொடுப்பார்: "கையை உள்ள விட்டுப் பாருங்க, எம்புட்டுப் பல்லுன்னு அதுவே சொல்லும்."

வலது கண் வாராவாரம் பாஸ். இடது கண் வாராவாரம் ஃபெயில். இதனால் ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போக வேண்டிய நாட்கள் தள்ளிக்கொண்டே போயின. "இம்புட்டுத் தெளிவா தெரியுது, அங்க போயி எதுக்கு வரிசைல நிக்கணும்?" என்பார்.

மருந்தோடு நின்ற ஒரு சாயங்காலம், நன்றாக இருக்கிற கண்ணுக்கு மருந்து, நோயாளிக் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. டாக்டரம்மா மாற்றிச் சொல்லிவிட்டாரோ என்று கேட்டேன். பெரியப்பா இடது கண்ணைத் தடவிக்கொண்டார்.

"அந்தக் கண்ணும் பாவந்தேன். அதுக்கே விடு தாயி."

ஒரு வருஷத்துக்கு மேல் அதற்கே விட்டேன். ஒரு நாள் தவறாமல் டிக் அடித்தேன்.

பிறகு அவர் வாசல்படியில் தடுக்க ஆரம்பித்தார். ஆட்டுக் கயிற்றில் கால் மாட்டி இரண்டு முறை விழுந்தார். எதிரே இருந்த பல்லை எண்ணிய கண்ணுக்குக் காலடியில் கிடந்த கயிறு தெரியவில்லை. சந்தைக்கு இனிப் போக முடியுமா என்ற பயம் அப்போதுதான் வீட்டுக்குள் வந்தது. அப்பா அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நானும் என் மருந்துக் கட்டத்தோடு போனேன்.

வலது கண்ணில் அழுத்தம் மறுபடி ஏறியிருந்தது. சொட்டு யார் விடுகிறது என்று டாக்டரம்மா கேட்டார். நான் மருந்துக் கட்டத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"நாந்தேன் டாக்டரம்மா," என்றார் பெரியப்பா. "பாப்பா வலதுக்குன்னுதேன் சொன்னுச்சு. நாந்தேன் கேக்காம இடதுல விட்டுக்கிட்டேன்."

டாக்டரம்மா அவரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். தப்பித்த மகிழ்ச்சியில் நான் அதைக் காதில் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வலது கண்ணுக்கென்று புதுக் கட்டம் போட்டேன். கடைசிக் கட்டத்தில் 'சரியாகிவிடும்' என்று எழுதிக் காட்டினேன். அவர் காகிதத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து நிதானமாகப் படித்தார்.

"ஆகிரும் தாயி."

இந்தக் கண் அழுத்த நோயில் போன பார்வை திரும்பாது என்பதைத்தான் டாக்டரம்மா அவரிடம் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்றைக்கே அவர் எனக்கு அந்தப் பதிலைச் சொன்னார் என்பது, நான் கண் பரிசோதனை படிக்கப் போன பிறகுதான் எனக்கு விளங்கியது. புரை எடுத்ததால் வந்த தெளிவு வேறு, உள்ளே நரம்பை அழுத்துவது வேறு என்பதும் அங்கேதான் தெரிந்தது. வீணாய்ப் போனதாக நாங்கள் நினைத்த இடது கண்ணில்தான் அழுத்தம் நன்றாக அடங்கியிருந்தது. அது மங்கியது புரை வளர்ந்ததால். எல்லோருக்கும் இப்படியே ஆகும் என்று சொல்ல மாட்டேன். பெரியப்பாவுக்கு இப்படி ஆனது.

இடது கண்ணில் பின்னாளில் புரையையும் எடுத்தார்கள். இன்றுவரை அது சொட்டு இல்லாமலே இருக்கிறது. வலது கண்ணுக்கு இரண்டு வகை மருந்து, தினமும் இரண்டு வேளை. அந்தக் கண்ணின் பார்வையில் கீழ்ப்பாதி தெரியாது. சந்தைக்குப் போகிறார், படி இறங்கும்போது கூட வருகிறவரின் தோளைப் பிடித்துக்கொள்கிறார்.