முனியம்மாவுக்கும் காத்தானுக்கும் நடுவில்

என் நாட்குறிப்பில் உள்ளபடி: "புதன், காலை 5.40. மழை. கோலா தெர்லா பக்கமிருந்து ஒருவர். பெரட்டுப் பட்டியல். பதினெட்டு நிமிடம்." ஆவி, பேய் எதையும் நம்பாதவன் நான், ஆதாரமில்லாமல் ஒரு வரி எழுதியதில்லை. நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் வரலாற்றை ஓர் இணையதளத்தில் எழுதிவருகிறேன். என்னோடு படித்த செல்வமும் அதே தோட்டத்துக்கு ஒரு தளம் வைத்திருக்கிறான். பாதித் தேதிகள் தப்பு, கூட்டமோ அவனிடம். தானா ராத்தா சாப்பாட்டுக் கடையில் எல்லார் முன்னாலும் கேட்டான்: "ஒன் வெப்சைட்ட யாருலா பாக்குறா? நீயே தொறந்து நீயே மூடிக்கிறியா?" நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும், பார்வையாளர்கள் எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், அம்புக்குறி எப்படி நகர்கிறது என்று பதிவு செய்யும் மென்பொருளைத் தளத்தில் பொருத்தினேன்.

தினமும் வந்தது ஒரே ஒருவர்தான். அந்தக் காலத்தில் விடியற்காலைப் பெரட்டில், தோட்டக் கணக்கெழுதும் கிராணி ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட பட்டியலை, என்னிடமுள்ள பழைய பெரட்டுப் புத்தகத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்து போட்டிருந்தேன். அவருக்கு அந்தப் பக்கம் மட்டும் போதும். பதிவை ஓட்டிப் பார்த்தேன். அம்புக்குறி ஒவ்வொரு பெயரிலும் ஆள் குரல் கொடுக்கட்டும் என்பதுபோல் சற்று நின்று நகர்ந்தது. முனியம்மாவுக்கும் காத்தானுக்கும் நடுவில், எழுத்தே இல்லாத இடத்தில், அப்படியே நின்றுவிட்டது.

புத்தகத்தில் அங்கே ஒரு பெயர் இருந்தது. மாரிமுத்து, செல்வத்தின் தாத்தா. அவன் எடுத்துப் போட்டுப் பெருமையடிப்பான் என்று வேண்டுமென்றே விட்டிருந்தேன்.

இது செல்வத்தின் வேலைதான் என்று அவனை அழைத்துக் கேட்டேன்.

"காலையில அஞ்சு நாப்பதுக்கா? எட்டு மணிக்கு முன்ன நான் எந்திரிச்சு நீ பாத்திருக்கியாலா?" என்றான். பிறகு குரல் இறங்கியது. "எங்க தாத்தா அங்க வேல செஞ்சதுக்கு ஒரு காயிதங்கூட இல்லடா. ஒன் புஸ்தகத்துல பேரு இருக்கா?"

"பாத்துச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அந்தப் பெரட்டுப் புத்தகம் என் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. யாருக்கும் காட்டியதில்லை.

அன்றே பெயரைச் சேர்த்தேன். மறுநாள் அதே 5.40. அம்புக்குறி மாரிமுத்துவில் சற்று நின்றது, காத்தானுக்கு நகர்ந்தது, கடைசிப் பெயர்வரை இறங்கியது. பக்கம் மூடியது. அதற்குப்பின் அவர் வரவில்லை.

செல்வத்திடம் சொன்னேன். தாத்தா பெயரை அவன் தன் தளத்தில் போட்டான், கூட்டம் இன்னும் கூடியது. என் ஒரே வாசகரும் அவன் தாத்தாவைத் தேடித்தான் வந்திருக்கிறார். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

வந்தவரின் ஊர் கோலா தெர்லா என்பது மென்பொருளின் ஊகம்தான். அந்தப் பட்டியலை எழுதிய கிராணி கடைசிக் காலத்தில் அங்கேதான் குடியிருந்து இறந்தார் என்று தோட்டத்து முதியவர் ஒருவர் சொல்கிறார். இது இன்னும் உறுதிசெய்யப்படவில்லை.